எதிர்மலையைப் பார்த்து விதைத்தவர்கள்

பெரியண்ணசாமி கோயில் பாறைமேல் அன்று பொழுது சாயக் கூடியவர்களும் அவர்கள் உட்கார்ந்த இடங்களும் இவை. பாறையின் தலைமாட்டில், ஆள் உட்கார்ந்து உட்கார்ந்தே குழிந்துபோன இடத்தில், ஊர்க்கவுண்டர் காளியண்ணன். அவனுக்கு வலது கைப்புறம் சித்தப்பா சின்னுசாமி, மடியில் வெற்றிலைப் பையும் முகத்தில் அவசரமுமாக. இடது கைப்புறம் அப்பாசாமி, காலை நீட்டிக்கொண்டு. ஊரிலேயே மூத்தவர் என்பதால் சாமிக்கு எதிரே கால் நீட்டும் சலுகை அவர் ஒருவருக்குத்தான். பின்னால் மற்றக் குடித்தனக்காரர்கள், அவரவர் அப்பன் உட்கார்ந்த இடத்தில் அவரவர். பாறை சரிகிற கோடியில் செல்லமுத்து, பாதி உட்கார்ந்தும் பாதி நின்றும். பெண்கள் பாறைமேல் ஏறுவதில்லை. கீழே பலாமரத்து வேர்களில் இருந்தார்கள். முன்வேரில் காளியண்ணனின் தாய் கண்ணாயி, அடுத்த வேரில் அவன் பெண்டாட்டி அம்சவேணி.

காளியண்ணன் உட்கார்ந்திருந்த குழி, அவன் அப்பன் கருப்பண்ணக் கவுண்டரின் உடம்புக்கு அளவெடுத்தாற்போல் தேய்ந்தது. அவருக்குப் பருத்த உடம்பு. போன தை மாதம் கண்ணை மூடிவிட்டார். மகன் ஒடிசல். எந்தப் பக்கம் சாய்ந்தாலும் அவனுக்குப் பிடிப்புக் கிடைக்கவில்லை.

கூட்டத்துக்கு வந்த கேள்வி ஒன்றே ஒன்றுதான். சாமை விதைப்பது எந்த நாள்?

மலைமேல் இருந்த பல நாடுகளில் ஒன்றான வாழவந்தி நாட்டில் நெல்லிமேடு சின்ன ஊர். கவுண்டர் வீட்டு ஏர் முதலில் இறங்காமல் வேறு யாரும் மலைச்சரிவுக் கொல்லையில் விதை போடுவதில்லை. கருப்பண்ணக் கவுண்டர் பாறையில் உட்கார்ந்து, தொண்டையை ஒருமுறை செருமி, ஒரு கிழமையைச் சொல்வார். அந்தக் கிழமை விடிந்ததும் அவர் ஏர் பூட்டினால், வெயில் ஏறுவதற்குள் மலைச்சரிவு முழுக்க ஏர் நடக்கும். ஏன் அந்தக் கிழமை என்று ஒருவரும் கேட்டதில்லை. கேட்கிற பழக்கமே அந்த ஊரில் இல்லை என்று சொன்னாலும் தகும். ஒரு ஐப்பசியில் கவுண்டர் வீட்டுக் கிழக்குச் சுவர் மழையில் இடிந்துவிட, கற்கள் கிடைக்கும்வரை என்று வடக்கே ஒரு வாசல் திறந்தார். அடுத்த கோடைக்குள் ஊரே வடக்கு வாசலுக்கு மாறிவிட்டது. ஆடிக்காற்று நேரே அடுப்படிக்கு வந்து சாம்பலை வாரி இறைத்தது. ஊர் முழுக்க இருமியது. யாரும் வாசலை அடைக்கவில்லை. கவுண்டரும் அடைக்கவில்லை. எல்லோரும் வடக்கே வைத்திருக்கிறார்களே, ஏதோ காரணம் இருக்கும் என்று அவர் நினைத்ததாகக் கண்ணாயி பிற்பாடு சொன்னாள்.

அது வெகுதானிய வருஷம், வைகாசிக் கடைசி. கோடை மழை ஒன்று நன்றாகப் பெய்து விட்டிருந்தது. அடுத்த மழையைக் காணோம். போன வருஷத்து மகசூல் மோசம் என்பதால் வீட்டுக்கு வீடு குதிரின் அடியில் இருந்தது ஒரே ஒரு விதைப்புக்கான விதைதான். ஈரம் இருக்கும்போதே விதைத்து, பின்மழையும் வந்துவிட்டால் ஊர் பிழைத்தது. விதைத்த பின் மழை தள்ளிப்போனால் முளை கருகும். திரும்ப விதைக்க விதை கிடையாது. விதைக்காமலே காத்திருந்தாலோ ஈரம் காய்ந்து மண் இறுகிவிடும்.

"கவுண்டரே, மண்ணுல ஈரம் காயுதுங்க" என்றார் சின்னுசாமி. வீட்டுக்குள் என்றால் அவர் காளியண்ணனை 'டேய்' என்பார். பாறை ஏறிவிட்டால் அண்ணன் மகனாக இருந்தாலும் கவுண்டர் கவுண்டர்தான்.

"தெரியுதுங்க சித்தப்பா."

"தெரிஞ்சா நாளைச் சொல்லுங்க. இன்னொரு காத்து அடிச்சா மண்ணு கல்லாயிரும்."

"அதானே" என்றார் அப்பாசாமி.

"அவசரப்பட்டுப் போட்டுட்டு, பின்மழை வல்லீன்னா முளை கருகிப் போயிருமில்லீங்களா?"

"அதானே" என்றார் அப்பாசாமி, அதே அழுத்தத்தோடு.

"அப்ப என்ன பண்ணலாம்? சேலத்துல கலெக்டர் தொரை இருக்காரு, அவருக்கு மனுப் போட்டுக் கேக்கலாமா?" என்றார் சின்னுசாமி. "வெகுதானியம்னு வருசத்துக்குப் பேரு வெச்சவன் எவன்னு தெரியல. ஊட்டுல ஒரு தானியத்தைக் காணோம்."

பின்னால் யாரோ சிரித்தார்கள். உடனே எல்லோரும் சிரித்தார்கள். கோடியில் நின்ற செல்லமுத்து மட்டும் சிரிக்கவில்லை. அவனுக்கு இந்த விஷயத்தில் சிரிப்பு வராது. சேர்வராயன் மலைக் காப்பித் தோட்டத்தில் கொஞ்ச காலம் வேலை பார்த்துத் திரும்பி வந்தவன் அவன். இரண்டு வருஷம் முன்பு, "ஆட்டு மந்தையாட்டம் ஒருத்தன் பின்னால ஒருத்தன் என்னத்துக்கு?" என்று கேட்டு, ஊருக்கு முன்னால் தனியாக விதைத்தான். மழை சரியாக வந்தது. பயிரும் சரியாக வந்தது. சுற்றிலும் பச்சையாகக் கிடந்த சரிவில் அவன் கொல்லை மட்டும் பழுத்து நின்றது. மலையில் உள்ள குருவிகள் அத்தனையும், கிளிகள் அத்தனையும், போதாததற்குக் காட்டுப்பன்றிகளும், ஒரே கொல்லையில் வந்து இறங்கின. பரண் போட்டு, கவண் வீசி, தகரம் தட்டிப் பார்த்தான். கடைசியில் தாளை அறுத்து மாட்டுக்குப் போட்டான். ஊர் சேர்ந்து விளைந்தால் குருவி ஒவ்வொரு கொல்லையிலும் ஒரு வாய் தின்று போய்விடும். காவலையும் முறை வைத்துப் பார்த்துக்கொள்ளலாம். ஒற்றைக்கொல்லை பந்தியாகிவிடும். அன்றிலிருந்து செல்லமுத்து கூட்டத்தில் உட்காராமல் நிற்கவும் மாட்டான். நிற்காமல் உட்காரவும் மாட்டான்.

காளியண்ணன் தொண்டையைச் செருமினான். பாறை அமைதியானது. எல்லாத் தலைகளும் முன்னால் சாய்ந்தன. கீழே பேசிக்கொண்டிருந்த பெண்களும் நிறுத்திவிட்டார்கள். அப்பன் இந்த இடத்தில் ஒரு கிழமையைச் சொல்வார். காளியண்ணனின் நாக்கில் ஏழு கிழமையும் வந்து நின்றன, ஒன்றும் இறங்கவில்லை.

"ரெண்டு நாள் பொறுங்க" என்றான்.

"பொறுக்கலாங்க" என்றது பாறை.

வீட்டுக்கு நடக்கும்போது அம்சவேணி குரலைத் தாழ்த்தி, "ஏனுங்க, மாமன்கிட்ட இருந்து செருமலை மட்டும் நல்லாக் கத்துக்கிட்டீங்க" என்றாள். அவனுக்குக் கோபம் வரவில்லை. சரியாகத்தான் சொல்கிறாள்.

வீடு வந்ததும் தாயின் பக்கத்தில் போய் உட்கார்ந்தான். "அம்மா, அப்பன் எதைப் பாத்து நாள் சொன்னாரு? மேகத்தையா? எறும்பையா? பெரியண்ணசாமி கனவுல வந்து சொல்லுமா?"

கண்ணாயி களி கிண்டும் துடுப்பைக் கழுவிக்கொண்டிருந்தாள். கழுவி முடித்துச் சுவரில் சாய்த்து வைத்தாள். வாசலை எட்டிப் பார்த்தாள்.

"ஊர்ல சொல்லாதேன்னு எங்கிட்டச் சத்தியம் வாங்கியிருந்தாரு. இப்ப அவரே இல்ல, யாருக்குப் பயப்படறது. மேக்கால கொல்லைக் கோடியில ஒரு கருங்கல்லு கெடக்குதில்ல? வைகாசி பொறந்தா தெனமும் காத்தாலயும் பொழுதாவவும் அங்க போயி நிப்பாரு. எதிர்மலையைப் பாத்துக்கிட்டு."

"எதிர்மலையில என்ன இருக்குது?"

"திண்ணனூர் நாட்டுக் கூவைப்பட்டி இருக்குது. பெருமாயி இருக்குறா. புருசன் செத்தப்பறம் ஊர் ஏரு அவ ஊட்டுலதான மொதல்ல பூட்டறது. அவ கொல்லையில ஏரு எறங்கப் போகுதுன்னா இங்கிருந்தே தெரியும், எறும்பு ஊர்றாப்பல. 'பெருமாயிக்கு மண்ணோட பாஷை தெரியும், கண்ணாயி. அவளைப் பாத்து விதைச்சா தப்பாது'ன்னு சொல்லுவாரு. வெளிய சொன்னா, பொம்பளையைப் பாத்துக் கவுண்டன் ஏர் பூட்டறான்னு சிரிப்பாங்கன்னு கூச்சம்."

காளியண்ணனுக்கு முதலில் தோன்றியது நிம்மதி. அப்பனுக்குப் பெரிய வித்தை ஒன்றும் தெரிந்திருக்கவில்லை; தெரிந்தவரைத் தெரிந்திருந்தது, அவ்வளவே. அதைத் தானும் செய்யலாம். மறுநாள் விடியவும் கருங்கல்லடியில் போய் நின்றான். இடையிலே பள்ளத்தில் ஓடையும் காடும். அதற்கப்பால் கூவைப்பட்டிக் கொல்லைகள் வெயிலில் சிவந்து கிடந்தன. மாடும் இல்லை, ஆளும் இல்லை. ஒரு கொல்லையில்கூட மண் கலையவில்லை. பொழுது சாய்ந்து போய்ப் பார்த்தபோதும் அப்படியே கிடந்தது.

இனி அங்கே நின்று பயனில்லை. அடுத்த நாள் ஓடை இறங்கி, எதிரே ஏறினான்.

பெருமாயி வீட்டு முற்றத்தில் விதைக்கூடைக்குச் சாணி மெழுகிக்கொண்டிருந்தாள். நெடிய உடம்பு, நரைத்துக் கட்டையான கூந்தல், அதட்டலுக்கென்றே அமைந்த குரல். அவனைக் கண்டதும் சாணிக் கையை அப்படியே தூக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"யாரு, நெல்லிமேட்டுக் கருப்பண்ணன் பையனா? வா சாமி. அப்பன் செத்ததுக்குச் சேதி வந்துச்சு. வந்து ஒரு மூச்சு அழுதுட்டுத்தான் போனேன். நீ கூட்டத்துல என்னையப் பாக்கல. உக்காரு. களி திம்பயா?"

"திங்கறேனுங்க அத்தை. ஒரு விசயம் கேட்டுட்டுப் போலாம்னு வந்தேன்."

"கேளு."

"எப்பங்க விதைக்கப் போறீங்க?"

பெருமாயியின் கை கூடையில் நின்றது. அவனைக் கூர்ந்து பார்த்தாள். "அதை என்னையக் கேக்கறயா?"

"உங்களைத்தான் கேக்கோணும். அப்பன் உங்க கொல்லையைப் பாத்துத்தான் விதைப்பாராம். அம்மா சொல்லுச்சு."

பெருமாயி கூடையை ஒதுக்கி வைத்தாள். பிறகு சாணிக் கையை இன்னொரு கையால் துடைத்தாள். இப்போது இரண்டு கையும் சாணி.

"அட பாவி மனுசா" என்றாள், காளியண்ணனைப் பார்த்து அல்ல, பள்ளத்துக்கு அப்பால் தெரிந்த நெல்லிமேட்டைப் பார்த்து. "நான் உங்கப்பனைப் பாத்துல்ல விதைச்சேன்!"

"என்னங்க அத்தை சொல்றீங்க?"

"என்ற புருசன் செத்த வருசம் எனக்கு என்ன தெரியும்? ஊரு பூரா என் மூஞ்சியைப் பாக்குது. எதுக்கால பாத்தேன். கருப்பண்ணக் கவுண்டரு கொல்லைக் கோடியில கல்லாட்டம் நிக்கறாரு. சரி, இந்த மனுசன் சும்மா நிக்க மாட்டாரு, காத்தைப் பாக்கறாரு, மேகத்தைப் பாக்கறாருன்னு நெனைச்சேன். அன்னையில இருந்து அவரு கையைத்தான் பாத்துக்கிட்டு வாரேன். அவரு செத்தாருன்னு கேட்டப்ப எனக்கு மொதல்ல அழுகை வந்துச்சு. அப்பறம் ரோசனை வந்துருச்சு, இனி யாரைப் பாக்கறதுன்னு."

"அவரு உங்களைத்தான் பாத்துக்கிட்டு நின்னாருங்க."

"இப்பச் சொல்றயே, சாமி!"

இருவரும் சிரித்தார்கள். பெருமாயி சிரித்துக் கண்ணைத் துடைக்கப் போய், சாணி நினைவு வந்து, முழங்கையால் துடைத்தாள்.

ஆனாலும் ஒரு கணக்கு உதைத்தது. அவர் இவளைப் பார்த்து விதைத்தார், இவள் அவரைப் பார்த்து விதைத்தாள் என்றால், வருஷா வருஷம் முதலில் அசைந்தது யார்? களியைத் தின்றுகொண்டே அதை இருவரும் பிரித்துப் பார்த்தார்கள். ஆரம்பம் எருக்கூடையாகத்தான் இருக்க வேண்டும். எருக் கொட்டுவது விதைப்புக் கிடையாது. எந்த நாளிலும் கொட்டலாம், எவரும் குறை சொல்ல முடியாது. அவர் ஒரு கூடை எருவைக் கொண்டுபோய்க் கொல்லையில் கொட்டுவார். அதை எதிரே இவள் பார்த்து, ஓகோ என்று இரண்டு கூடை கொட்டுவாள். அதைப் பார்த்து அவர் ஏரைத் தோளில் வைத்துக் கொல்லைக்குக் கொண்டுபோய்ச் சும்மா போட்டுவிட்டு வருவார். ஏர் கிடக்கிறதே என்று இவள் மாட்டைக் கொண்டுபோய் வரப்பில் கட்டுவாள். பந்தியில் இலைமுன் உட்கார்ந்த இரண்டு கூச்சக்காரர்கள், எதிராளி கை வைக்கட்டும் என்று பார்த்துப் பார்த்து, ஒருவர் உப்பைத் தொட, மற்றவர் ஊறுகாயைத் தொட, கடைசியில் ஒரே நேரத்தில் பிசையத் தொடங்குவது போல.

"அப்படிப் பாத்தா ரெண்டு பேரும் சேந்துதான் விதைச்சிருக்கோம்" என்றாள் பெருமாயி. "ஒருத்தரோட ஒருத்தர் ஒரு வார்த்தை பேசாமயே. பேசியிருந்தா சண்டைதான் வந்திருக்கும்."

"இப்பப் பேசலாங்க. நீங்க நாளைச் சொல்லுங்க அத்தை. எங்க ஊரு வந்துரும்."

"நான் சொல்ல மாட்டேன், கண்ணு. நீ சொல்லு."

"எனக்குத் தெரியாதுங்களே."

"எனக்கு மட்டும் பெரியண்ணசாமி காதுல வந்து ஓதுச்சா? எங்க ஊரும் கூடைக்குச் சாணி மெழுகி வெச்சுக்கிட்டு என் மூஞ்சியைத்தான் பாக்குது. நானும் ரெண்டு மூணு நாளா மெழுகுன கூடைக்கே மறுக்கா மெழுகிக்கிட்டு இருக்கேன்."

"நான் நாளைச் சொல்லி முளை கருகிப் போச்சுன்னா?"

பெருமாயி யோசித்தாள். "கருகுனா ரெண்டு மலையும் சேந்து கருகும். சேந்து கெழங்கு தோண்டலாம், சேந்து பெரியண்ணசாமியை வையலாம். ஒரு ஊட்டுல மட்டும் அடுப்பு எரிஞ்சு மத்த ஊட்டுல எரியலீன்னாத்தான் அது பஞ்சம். எல்லாத்து ஊட்டுலயும் எரியலீன்னா அதுக்குப் பேரு காலம்."

பிறகு குரலை இறக்கிச் சொன்னாள்: "ஒண்ணு பண்ணு. நீதான் சேந்தமங்கலத்துல படிச்சவனாச்சே. நாளை ஒரு கடுதாசியில எழுதி அனுப்பு. எங்க ஊட்டு மாணிக்கம் படிச்சுச் சொல்லுவான். நான் வாயில சொன்னா, எதனால அந்த நாளுன்னு கேப்பாங்க. காயிதத்துல வந்தா கேக்க மாட்டாங்க. அது பேசாதில்ல, அதனால அதுக்கு எல்லாம் தெரியும்னு நெனைச்சுக்குவாங்க."

திரும்பும் வழியில், ஓடையைத் தாண்டி ஏறும்போது, காளியண்ணனுக்குச் சேந்தமங்கலத்துப் பள்ளிக்கூடம் நினைவுக்கு வந்தது. மாமன் வீட்டில் தங்கி நாலாம் வகுப்பு வரை அங்கே படித்தவன் அவன். வாத்தியார் கணக்குப் போடச் சொன்னால், பிள்ளைகள் பக்கத்துச் சிலேட்டைப் பார்த்து எழுதுவார்கள். ஒரு நாள் வகுப்பு முழுக்க ஒரே தப்பான விடை. வாத்தியார் பிரம்பை எடுத்துக்கொண்டு ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை பார்த்தார். இத்தனை பேரை அடிக்கக் கை தாங்காது என்று பிரம்பை வைத்துவிட்டார். அதில் யார் சிலேட்டிலிருந்து அந்தத் தப்பு கிளம்பியது என்று காளியண்ணனுக்கு மட்டும் தெரியும். தன் சிலேட்டுதான். அவன் யாரையும் பார்க்கவில்லை, தானாகவே போட்டான். எழுதி முடித்து நிமிர்ந்தபோது எல்லோரும் அதையே எழுதியிருப்பதைக் கண்டு, அப்படியானால் சரியாகத்தான் இருக்கும் என்று அவனும் நம்பிவிட்டான்.

மேட்டில் ஏறியதும் தன் கொல்லையில் குனிந்து, விரல்களை மண்ணுக்குள் விட்டுப் பார்த்தான். மேலே காய்ந்திருந்தது. உள்ளே, விரல் முட்டிவரை போனபின், குளிர்ச்சி தட்டியது. அப்பனும் இப்படி விட்டுப் பார்த்திருப்பார். பார்த்துவிட்டுக் கருங்கல்லடிக்குப் போய் நின்றிருப்பார்.

அன்று பொழுது சாய மறுபடி பாறையில் கூட்டம். அவரவர் இடத்தில் அவரவர். காளியண்ணன் தொண்டையைச் செருமவில்லை. செருமினால் கிழமையை எதிர்பார்ப்பார்கள். நேரே விஷயத்தைச் சொன்னான். அப்பன் பெருமாயியைப் பார்த்தது, பெருமாயி அப்பனைப் பார்த்தது, எருக்கூடை, ஏர், வரப்பில் கட்டிய மாடு, ஒன்று விடாமல் வரிசையாகச் சொன்னான். "எங்கப்பனுக்கும் தெரியாதுங்க. எனக்கும் தெரியாதுங்க" என்று முடித்தான்.

சொன்னதைக் கேட்டுக் கோபப்பட வேண்டுமா சிரிக்க வேண்டுமா என்று தெரியாமல் ஒவ்வொருவரும் பக்கத்திலிருந்தவர் முகத்தைப் பார்த்தார்கள். பக்கத்திலிருந்தவர் அவருக்குப் பக்கத்திலிருந்தவரைப் பார்த்தார். பார்வை பாறையைச் சுற்றி ஒரு வட்டம் வந்தது. சின்னுசாமிக்குக் கோபம்தான் வந்தது, "இத்தனை வருசமா நம்மளை..." என்று எழப் போனார்.

அதற்குள் பலாமரத்தடியில் கண்ணாயிக்குச் சிரிப்பு வெடித்துவிட்டது. இத்தனை வருஷம் வாய்க்குள் வைத்திருந்த சிரிப்பு. "கல்லாட்டம் நிப்பாரு பாரு, அந்தக் கருங்கல்லுக்கு அவரு நெழலா, அவருக்குக் கருங்கல்லு நெழலான்னு தெரியாது!" என்றாள். அம்சவேணி சிரித்தாள். வேர்கள் எல்லாம் சிரித்தன. பாறை அதைக் கேட்டுச் சிரிக்க ஆரம்பித்தது. பாதி எழுந்த சின்னுசாமி சுற்றிலும் பார்த்தார். தனியாகக் கோபப்பட அவருக்குத் தைரியம் போதவில்லை. உட்கார்ந்து, அவரும் சிரித்துவிட்டு, வெற்றிலைப் பையை அவிழ்த்தார்.

சிரிப்பு ஓய்ந்ததும் அவரே கேட்டார்: "செரி, நாளைச் சொல்லுங்க கவுண்டரே."

காளியண்ணன் திகைத்தான். "தெரியாதுன்னு இப்பத்தானுங்களே சொன்னேன்?"

"கேட்டோமுங்க. எங்களுக்குந்தான் தெரியாது. நீங்க சொல்லுங்க."

"அதானே" என்றார் அப்பாசாமி.

பாறையின் கோடியிலிருந்து செல்லமுத்து பேசினான். கூட்டத்தில் அவன் வாய் திறந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. "எனக்குத் தெரிஞ்சுதான் பங்காளி விதைச்சேன். நாள் தப்பல, மழை தப்பல, கதிரும் தப்பல. ஒத்தையா நின்னுது, அதான் தப்பு. அந்த வருசம் பரண்மேல உக்காந்து தகரம் தட்டறப்ப, எல்லாத்துக்கும் முன்ன வெளஞ்சுதேங்கற பெருமை எனக்கு ஒரு நாளுகூட நெலைக்கல. ‘அண்ணா, நீ படு, நான் பாத்துக்கறேன்’னு சொல்ல ஒருத்தன் வந்தாத் தேவலாம்னு இருந்துச்சு. நீ எந்த நாளைச் சொன்னாலும் செரி. சொல்லு. எல்லாத்தையும் சேத்துக்கிட்டுச் சொல்லு."

"அப்ப மழை வல்லீன்னா?" என்றான் காளியண்ணன்.

"வல்லீன்னா உங்க ஊட்டு முன்னால வந்து உன்னைய வைவோம்" என்றான் செல்லமுத்து. "அதுக்கும் சேந்துதான் வருவோம். பயப்படாதே."

மறுபடி சிரிப்பு. ஆனால் இப்போது அவர்கள் சிரித்துக்கொண்டே அவனைப் பார்த்தார்கள். எல்லோரும் பார்த்தார்கள். காளியண்ணன் அந்த முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தான். இவர்களுக்கு வேண்டியது தெரிந்தவன் இல்லை. தெரிந்தவன் ஒருவனும் இல்லை என்று கேட்ட பிறகும் இவர்கள் எழுந்து போகவில்லை. சேர்ந்து இறங்குவதற்கு முன்னால் ஒரு கால் இறங்க வேண்டும். அந்தக் காலைத்தான் கேட்கிறார்கள். இதைத்தான் அப்பன் அத்தனை வருஷம் பயந்துகொண்டே கொடுத்திருக்கிறார்.

அம்சவேணியைக் கூப்பிட்டுக் காகிதமும் பலகையும் கட்டைப் பேனாவும் மைக்கூடும் கொண்டுவரச் சொன்னான். வந்ததும் பாறைமேல் பலகையை வைத்துக் குனிந்து எழுதினான். சேந்தமங்கலத்தில் கற்றுக்கொண்டபடி மேலே பிள்ளையார் சுழி சுழித்து, இடம், மாதம் எல்லாம் போட்டு, பெருமாயி அத்தையவர்களின் சுகத்தை விசாரித்து, பிறகு விஷயத்துக்கு வந்தான். "தாங்கள் வருகிற வியாழக்கிழமை விதைப்பதாக உத்தேசம் இருந்தால், நாங்களும் அன்றே விதைக்கச் சித்தமாய் இருக்கிறோம்."

எழுதியதை ஒருமுறை படித்துப் பார்த்தான். எழுத்து அழகாகத்தான் இருந்தது. ஆனால் அது கடுதாசி அல்ல, எருக்கூடை. கொல்லையில் கொட்டிவிட்டுக் கருங்கல்லடியில் நின்று எதிர்மலையைப் பார்க்கிற வேலை. இது போனால் பெருமாயியிடமிருந்து இன்னொரு எருக்கூடை வரும்: "தங்களுக்கு உத்தேசமானால் எங்களுக்கும்." அதற்குள் ஈரம் காய்ந்துவிடும்.

"என்னங்க, எழுதியாச்சுங்களா?" என்றார் சின்னுசாமி.

"இன்னும் இல்லீங்க."

அந்தக் காகிதத்தைக் கிழித்து மடியில் வைத்துக்கொண்டான். வேறொன்றை எடுத்தான். பேனாவை மையில் தொட்டு, உதறி, எழுதினான். மை கூடிப்போனதில் முதல் எழுத்து தடித்துவிட்டது. தடிக்கட்டும் என்று விட்டான்.

"அத்தை பெருமாயி அவர்களுக்கு, நெல்லிமேடு காளியண்ணன் எழுதுவது. நாங்கள் வருகிற வியாழக்கிழமை விடியற்காலம் சாமை விதைக்கிறோம். மேலே காய்ந்திருந்தாலும் அடியில் ஈரம் இருக்கிறது; விரல் விட்டுப் பார்த்தேன். மழை வருமா என்பது எனக்குத் தெரியாது. நீங்களும் அன்றே விதைத்தால் குருவி இரண்டு மலைக்கும் பங்கிட்டுக்கொள்ளும். விதைக்காமல் போனாலும் எங்கள் ஏர் வியாழக்கிழமை இறங்கும். அம்மா கேட்டதாகச் சொல்லச் சொன்னாள்."

கீழே பெயர் எழுதினான். எழுதியதை உரக்கப் படித்தான். "விதைக்காமல் போனாலும்" என்ற இடத்தில் குரல் சற்று இறங்கியது. ஆனாலும் படித்துவிட்டான். படித்து முடித்ததும், அடுத்தவர் என்ன சொல்கிறார் என்று பார்க்கத் தோன்றிய கண்ணைக் காகிதத்திலேயே வைத்துக்கொண்டான்.

"வியாழக்கெழமை" என்றார் சின்னுசாமி, வெற்றிலையை மென்றுகொண்டே.

"வியாழக்கெழமை" என்றார்கள் பின்னால். "வியாழக்கெழமையாம்" என்று வேர்களில் ஒருத்தி மற்றொருத்திக்குச் சொன்னாள், அவளும் கூடவே கேட்டுக்கொண்டிருந்தும்.

காளியண்ணன் காகிதத்தை மூன்றாக மடித்தான். ஒட்டுவதற்குப் பசை இல்லை. அம்சவேணி வீட்டுக்குப் போய், மத்தியானச் சட்டியின் அடியில் ஒட்டியிருந்த சாமைச்சோற்றுப் பருக்கைகளைச் சுரண்டி இலையில் கொண்டுவந்தாள். அவற்றை மடிப்பில் வைத்துக் கட்டைவிரலால் நசுக்கித் தேய்த்து, காயும்வரை உள்ளங்கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தான். மேலே கூவைப்பட்டி என்று எழுதினான்.

"நான் கொண்டு போறேன்" என்று செல்லமுத்து வந்து நின்றான். "இருட்டறதுக்குள்ள ஓடையைத் தாண்டிருவேன்."

காளியண்ணன் கடுதாசியை நீட்டினான். செல்லமுத்து வாங்கினான், ஆனால் ஒரு நொடி காளியண்ணனின் விரல் அதன் மறுமுனையை விடவில்லை.

"உடு பங்காளி" என்றான் செல்லமுத்து.

விட்டான். செல்லமுத்து அதைத் தலைத்துண்டின் மடிப்பில் செருகி, துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு, ஓடைப்பாதையில் இறங்கினான்.